கிதாருக்குள் ஒடிந்து கிடந்த வயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருபது நிமிடத்துக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. எங்கள் வேதக்கோயில் சுவர்க்கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன். ஆறு மணிக்கு அறுப்பின் பண்டிகைப் பாட்டு ஆராதனை. நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்து பெஞ்சில் சாய்ந்தேன். என் மகள் ரோஸ்லின் கிதாரை மடியில் வைத்து முதல் சுரத்தை இழுத்தாள். சுரம் கேட்கவில்லை. 'ஊம்' என்று ஓர் இரைச்சல் எழுந்து கோயில் முழுவதையும் நிறைத்தது.

நம் கம்பெனி வயரிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். செம்பூர் ரேடியோ கம்பெனியில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னும் கையுமாகவே என் பாதி ஆயுள் போயிற்று. கண் மங்கியதால் மற்றவர்களுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். கம்பெனிக்குள் நடந்தவற்றில் சொல்வதற்கு எத்தனையோ உண்டு. ஆனால் என்னை உலுக்கியது தாராவியில், எங்கள் கோயிலுக்குள், என் சொந்தப் பிள்ளையை முன்னால் வைத்து நடந்தது. அதையே எழுதுகிறேன். சால்டர் எப்படி வைப்பது என்று மேசையில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இது அதற்கு அடுத்த பாடம்.

ரோஸ்லினுக்கு அப்போது பதினேழு வயது. அவள் வாசித்தது ஹவாயன் கிதார். அதை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். வலது கை விரல்களில் தகர நகங்கள் மாட்டியிருக்கும். இரண்டு கையும் எப்போதும் உலோகத்தில்தான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடையது எலக்ட்ரிக் கிதார். உள்ளே கூடு கிடையாது, கட்டி மரம். தானாகச் சத்தம் வராது. கம்பிக்கு அடியில் உள்ள காந்தம் அதிர்வைப் பிடித்து ஒரு வயர் வழியாக அனுப்பும். அந்த வயரை எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் பின்னால், கிராமபோன் சொருகும் இடத்தில் சொருகிவிடுவாள். கோயிலில் வாசிக்கும்போதும் அதே ரேடியோவைத்தான் தூக்கிக்கொண்டு வருவோம். முதல் தடவை தாராவி லேபர் கேம்பில் இருந்த எங்கள் வீட்டில் அவள் அப்படி வாசித்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் தினமும் கையால் பூட்டி அனுப்பும் அதே மாதிரிப் பெட்டி. அதற்குள்ளிருந்து செய்தியும் விளம்பரமும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். என் மகளின் விரல் அதற்குள்ளிருந்து அழுதது. கரண்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அன்றைக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

சரி, நாலு இருபதுக்கு வருகிறேன்.

பாடகர் குழுவை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். கால்மிதி ஆர்கன் வாசிப்பவர். கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"ஏ பிள்ள, நிறுத்து, நிறுத்து! தேன்கூட்டுக்குள்ள தலையக் குடுத்துக்கிட்டுப் பாடுத மாதிரில்லா இருக்கு."

"போன வாரமும் கொஞ்சம் இருந்துது மாஸ்டர். இன்னிக்கு ஜாஸ்தி. வீட்ல இவ்ளோ ஆவாஸ் வரதே இல்ல" என்றாள் ரோஸ்லின். பம்பாய்ப் பிள்ளை, இந்தி கலக்காமல் பேச வராது.

"வீட்டுல வராதது கோயில்ல மட்டும் வருதுன்னா, பெரியவங்க வேற அர்த்தம் சொல்லுவாங்க. ஏற்கெனவே கரண்டுக் கிதாரு கோயிலுக்கு எதுக்குன்னு நாலு பேரு மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுதாங்க." என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க ரேடியோக் கம்பெனிதான? ஆறு மணிக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா அத மூட்ட கட்டிருவோம்."

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்த ஒரே பாட்டைச் சோற்றுத் தட்டின் மேலும் விரலால் வாசித்துக்கொண்டிருந்தவள்.

போன வாரம் கேட்ட இரைச்சலைப் பற்றி அன்று காலையிலேயே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். தாணேயில் உடம்பு சரியில்லாமல் கிடந்த அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "சின்ன வயரு எங்கயாது விட்டிருக்கும். நீயே ஒட்டிரு. நான் ஆராதனைக்கு வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். அது சின்ன வயராகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். அதைப் போல நிம்மதி தரும் நம்பிக்கை நம் வேலையில் வேறு கிடையாது.

வீட்டுக்குப் போய் அயர்னையும், கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரையும், ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பாதிரியார் அங்கி மாற்றும் சின்ன அறையில் கிதாரைக் கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டைத் திறந்தேன். ரோஸ்லின் டார்ச் பிடித்தாள்.

"அம்மா, ரேடியோல சொருகுற முனை இருக்குல்ல, அதத் தொட்டா கடிக்குது."

"என்னத்தக் கடிக்கு?"

"எறும்பு மாதிரி. போன வாரமும் கடிச்சுது."

"கை ஈரமா இருந்திருக்கும். டார்ச்ச நேராப் பிடி."

வெளியே, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பண்டிகைக்காகப் பீடத்தைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அதையும் கேட்டேன். கேட்டு ஒதுக்கினேன்.

வயர் கண்ணில் பட்டுவிட்டது. கம்பிகள் எல்லாம் போய் முடிகிற தகட்டின் அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர் வந்தது. சேர வேண்டிய இடத்தில் சேராமல் ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி நின்றது. கம்பியை எல்லாம் ரேடியோவுக்குப் போகும் வயரோடு சேர்த்து இரைச்சலை விழுங்க வைப்பதுதான் அதன் வேலை. அது ஒடிந்தால் இரையும். பாடப் புத்தகத்தில் உள்ள மாதிரியே இருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பழைய ஈயத்தைச் சுரண்டி, புதிய ஈயம் வைத்து, ஊதி, இழுத்துப் பார்த்து மூடினேன். கம்பெனியில் வைத்தால் எந்த இன்ஸ்பெக்டரும் திருப்பி அனுப்பாத ஒட்டு.

"ஹோ கயா?" என்றாள் ரோஸ்லின்.

"ஆயிட்டு. கொண்டு போ. ஆளு வர ஆரம்பிச்சாச்சு, வாசிச்சுப் பாக்க நேரமில்ல."

அவள் என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் பிரிவில் இருந்த சிவப்புப் பொட்டு. அந்தக் காலத்து மலிவு செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவரிலிருந்து வரும் இரண்டு வயரில் ஒன்று நேராக உள்ளே இருக்கும் தகரத் தட்டில் போய்ச் சேரும். பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் தட்டு செத்துக் கிடக்கும், தொடலாம். திருப்பிச் சொருகினால் தட்டில் முழுக் கரண்டும் நிற்கும். மரப்பெட்டி மூடியிருப்பதால் வீடுகளில் யாருக்கும் தெரியாது. நாங்கள் திறந்த செட்டோடு வேலை செய்பவர்கள். அதனால் ஒவ்வொரு பிளக்கிலும் நகப் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்போம். பொட்டு மேலே பார்த்தால் தட்டில் கரண்டு இருக்காது. வருகிற பெண்களுக்கு முதல் நாளே இதுதான் பாடம். பழக்கம் விடாமல் வீட்டு ரேடியோவுக்கும் வைத்திருந்தேன். ரோஸ்லினுக்கும் சொல்லியிருந்தேன்: பொட்டு மேலே.

இன்னொன்று, டெஸ்டிங் மேசையில் இருந்த மராத்திப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் எல்லாரும் தாயி என்போம். மராத்தியில் அக்கா. அவளிடம் செட்டைக் கொண்டுபோய், இன்ன இடத்தில் கோளாறு, கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னால் தலையைத் தூக்காமலே கேட்பாள்: "மிலா க்யா? அச்சா. அப் தூஸ்ரா டூண்ட்." கிடைத்ததா, நல்லது, இனி இரண்டாவதைத் தேடு. எங்களுக்கு எரிச்சலாக வரும். டிபன் நேரத்தில் அவள் மாதிரி பேசிக் காட்டிச் சிரிப்போம். புருஷன் தொலைத்த செருப்பில் ஒன்று கிடைத்தபோதுகூட எங்களில் ஒருத்தி அவரிடம் அப் தூஸ்ரா டூண்ட் என்றாளாம்.

ஆராதனை தொடங்கியது. நான் அந்தச் சின்ன அறையின் வாசலிலேயே நின்றேன். பீடத்தின் பக்கத்தில் ரோஸ்லின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலுக்குள் செருப்புப் போடுவதில்லை. எல்லாருடையதும் வாசலில் கிடந்தது. அவளுடைய இரண்டு வெறுங்காலும் கழுவிவிட்ட தரையில், இன்னும் காயாத ஈரத்தில் இருந்தன. ரேடியோ சூடாகி உள்ளே விளக்கு எரிந்தது. பாதிரியார் ஆரம்ப ஜெபம் தொடங்கினார். ஆமென் சொன்னதும் முதல் சுரம் ரோஸ்லினுடையது.

எல்லாரும் கண்ணை மூடினோம். நானும் மூடினேன்.

கண்ணை மூடியதால்தான் கேட்டது. ஜெபத்துக்கு அடியில், மெலிந்துபோய், ஆனால் நிற்காமல், அதே 'ஊம்'.

வயரை ஒட்டியாயிற்று. இரைச்சல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். வீட்டில் இவ்வளவு வருவதே இல்லை என்று அவள் சொன்னாளே. வயர் வீட்டிலும் ஒடிந்துதானே இருந்திருக்கும்? வீட்டில் இல்லாதது கோயிலில் என்ன இருக்கிறது? என் கண் ரேடியோவிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே சுவருக்குப் போயிற்று. பிளக். சிவப்புப் பொட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்லிக் கொடுத்தபடியே. அந்தப் பொட்டு எங்கள் மேசைக்கு உண்மை, எங்கள் வீட்டுச் சுவருக்கு உண்மை. இந்தக் கோயில் சுவரில் பாயின்ட் மாட்டியவன் எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தான் என்று அந்தப் பொட்டுக்கு எப்படித் தெரியும்?

எறும்பு கடித்தது ஞாபகம் வந்தது. வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது. ரேடியோத் தட்டிலிருந்து கிதாருக்கு ஒரு வயர் போகிறது. கிதாருக்குள் அந்த வயரைக் கம்பிகளோடு சேர்க்க ஒரு மெல்லிய வயர் இருக்கிறது. இத்தனை நாளும் அது சேராமல் இருந்தது. என் பிள்ளையின் இரண்டு கைக்கும் சுவரிலிருந்து வரும் கரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அகலக் காற்றுதான் நின்றுகொண்டிருந்தது. அதை நான் ஈயம் வைத்து அடைத்துவிட்டேன். நல்ல ஒட்டு. இழுத்துப் பார்த்த ஒட்டு.

பாதிரியார் குரல் தணிந்தது. "...இயேசுவின் நாமத்தில்" என்று தொடங்கினார். அதற்குப் பிறகு ஜெபத்தில் அதிகம் இருக்காது. ரோஸ்லின் கண்ணை மூடியபடியே இரும்பு உருளையைக் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தாள்.

கத்தத்தான் வாய் திறந்தது. கத்தவில்லை. அதற்கு யாரைப் புகழ்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. கத்தியிருந்தால் திடுக்கிட்டிருப்பாள். திடுக்கிட்ட கை எங்கே விழும்? கம்பியின் மேல்தான். ஓடிப்போய் அவளைப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் இரண்டு பேரும். நான் அவள் பக்கமே போகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தேன். பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டி நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஆமென்" என்றது சபை.

உருளை கம்பியின் மேல் இறங்கியது. சத்தம் வரவில்லை. ரோஸ்லின் கண்ணைத் திறந்தாள். என் கையில் பிளக்கைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்த சிவப்பு எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

"க்யா அம்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எல்லாரும் பாக்கிறாங்க!"

மாஸ்டர் ஆர்கனை விட்டு எழுந்து வந்தார். "அக்கா, என்ன காரியம் பண்ணுதீங்க? ஆராதனை நடக்கு."

"கிதார பெஞ்சுல வைக்கச் சொல்லுங்க மாஸ்டர். தொடாம தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஒரு நிமிசம்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கிதாரைப் பெஞ்சில் வைத்தார்கள். பிளக்கை மறுபடியும் சொருகினேன், பொட்டு மேலே. டெஸ்டரின் நுனியை முதல் கம்பியில் வைத்தேன். உள்ளே இருந்த சின்னக் கண்ணாடிக் குழலில் செம்மஞ்சள் வெளிச்சம் எழுந்தது. அடுத்த கம்பி. அங்கேயும். ஆறு கம்பியிலும் அதே வெளிச்சம், ஒன்றுக்கொன்று குறையாமல். ஆயிரம் தடவை பார்த்த வெளிச்சம்தான். அன்றைக்கு அதன் முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும் போல் இருந்தது.

"ஏ யப்பா" என்றார் மாஸ்டர்.

ரோஸ்லின் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி வருவதுதான், பிள்ளைகளே, உங்களுக்கு உண்மையில் தேவையான இடம். மாஸ்டர் மூளையுள்ளவர். "அப்ப பிளக்கத் திருப்பிப் போட்டாச் சரியாப் போவும்லா?" என்றார். திருப்பிப் போட்டேன். டெஸ்டர் இருண்டது. எல்லாக் கம்பியும் செத்துக் கிடந்தன. இரைச்சலும் நின்றுவிட்டது.

"முடிஞ்சுது. ரோஸ்லினு, உக்காரு. நேரமாவுது."

முன் பெஞ்சில் இருந்து ஒரு பெரியவர் கனைத்தார். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். சபை முழுக்க எங்களையே பார்த்தது. ரோஸ்லின் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தாள். கணக்குப்படி எல்லாம் சரி. கம்பெனி மேசையாக இருந்தால் நானே சரி என்று பச்சைச் சீட்டு ஒட்டியிருப்பேன். ஆனால் கூட்டத்தில் ஒரு குழந்தையின் கால் தட்டிப் பிளக் கழன்றால், உதவி செய்கிறேன் என்று யாரோ ஒரு நல்லவர் எடுத்துச் சொருகுவார். பொட்டு மேலே.

"வேண்டாம்" என்றேன்.

"அம்மா!"

"டெஸ்டர் அணைஞ்சிருச்சுல்லா அக்கா?"

"இப்ப அணைஞ்சிருக்கு மாஸ்டர்." கோயில்பிள்ளையைத் தேடினேன். வாளியோடு தூண் பக்கம் நின்றார். "மெயின அணைச்சிருங்க. அந்தப் பாயின்ட்ட ஆளு வந்து பாக்கிற வரைக்கும் போட வேண்டாம்."

அவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் என் கையைப் பார்த்தார். டெஸ்டரை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. தலையசைத்தார். விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றித் தளர்ந்து நின்றன. சன்னல் வழியே மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சம் மட்டும் இருந்தது.

ரோஸ்லினின் கண்ணில் தண்ணீர் நின்றது. என்மேல் கோபமா, பயமா, பாட்டுப் போன வருத்தமா, நான் கேட்கவில்லை. பிறகு வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் இருந்த காணிக்கை மேசைக்குப் போனாள். பழைய தேக்கு மேசை, பெட்டி போல நாலு பக்கமும் பலகை அடைத்தது. அதன் மேல் பண்டிகைக்குக் கொண்டுவந்த பூசணியும் வாழைத்தாரும் தேங்காயும் குவிந்திருந்தன. ஒரு பூசணியைப் பாதிரியார் கையில் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். வாழைத்தாரை நகர்த்தினாள். அந்த இடத்தில் கிதாரைப் படுக்க வைத்து, நின்றுகொண்டே, உருளையைக் கம்பியில் வைத்து இழுத்தாள்.

கட்டி மரம், தானாகச் சத்தம் வராது என்று சொன்னேனே. வந்தது. கம்பியின் நடுக்கம் கிதாருக்குள் இறங்கி, மேசைக்குள் இறங்கி, அந்தப் பழைய தேக்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரலாக வெளியே வந்தது. பின் பெஞ்சுக்காரர்கள் முன்னால் குனிந்தார்கள். விசிறி சத்தம்கூட இல்லை. கைக்குழந்தைகளை மாரோடு அணைத்து அமர்த்தினார்கள். அத்தனை பேர் சேர்ந்து மூச்சை அடக்கிக் கேட்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரகரப்பே இல்லை. கரண்டுக் கிதார் வேண்டாம் என்ற பெரியவர் உள்ளங்கையைக் காதில் குவித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வயர் எப்போது ஒடிந்தது, எப்படி ஒடிந்தது என்று இன்றுவரை தெரியாது. அன்றைய பிரசங்கத்தில் பாதிரியார் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. ஆனால் இப்போதும் எந்த வீட்டில் ரேடியோ பாடினாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது. விட்டுப்போன வயர் ஒன்றைப் பார்த்தால், அது எதை எதிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்று கேட்காமல் அயர்னை எடுக்க என்னால் முடியவில்லை. நீங்களும் கேளுங்கள். கேட்ட பிறகு, தாயி சொன்னது போல, இரண்டாவதைத் தேடுங்கள். டிபன் நேரத்தில் என்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தாலும் பரவாயில்லை.

பாட்டு முடிகிற நேரம். கடைசிச் சுரம் மேசைக்குள் கரைந்துகொண்டிருந்தது. பின் வாசலில் ஒரு நிழல். என் வீட்டுக்காரர். தாணேயிலிருந்து ரயில் நெரிசலில் நசுங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அணைந்த விளக்குகளையும் நின்றுபோன விசிறிகளையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"என்னட்டி, கரண்டு போயிட்டா?"